பெரும்பாக்கத்து ஜெராக்ஸ் கடையும் ஒரு கிலோமீட்டர் வட்டமும்

பெரும்பாக்கம் எட்டுமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் பிள்ளைக்கு ஆர்.டி.இ. (கல்வி உரிமைச் சட்டம்) விண்ணப்பம் போட எங்கே போவது என்று கேட்டால், பஸ் டெர்மினஸ் போகும் வழியில் இருக்கும் ஜெராக்ஸ் கடையைத்தான் நான் சொல்வேன். போர்டில் கடைப் பெயர் கிடையாது. 'ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன்' என்று மட்டும் எழுதியிருக்கும். அதை நடத்துகிற தம்பியின் குடும்பமும் எங்களைப் போலச் சென்னைக்குள்ளிருந்து இங்கே கொண்டுவரப்பட்ட குடும்பம்தான். அதனால் மற்ற இடங்களில் யாரும் கேட்காத கேள்வியை அவர் முதலில் கேட்கிறார்: "அக்கா, கார்டுல எந்த விலாசம் இருக்கு?"

விஷயம் அந்த விலாசத்தில்தான் இருக்கிறது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகள் எல்.கே.ஜி. அல்லது ஒன்றாம் வகுப்பில் 25 சதவீத இடங்களை ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும். கட்டணத்தை அரசு கொடுக்கும். ஆனால் அந்தப் பள்ளி அக்கம்பக்கத்தில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டு விதியில் தொடக்க வகுப்புகளுக்கு அக்கம்பக்கம் என்றால் 1 கிலோமீட்டர். வீட்டைச் சுற்றி அந்த அளவில் ஒரு வட்டம் போட்டால் உள்ளே எந்தப் பள்ளிகள் விழுகின்றனவோ, அவைதான் உங்கள் பிள்ளைக்கு.

எங்களுடைய வட்டம் 2019 டிசம்பரில் மாறியது. தீவுத்திடல் பக்கம் கூவம் கரையில் சத்தியவாணி முத்து நகரில் இருந்தோம். வீட்டை இடித்து இங்கே அனுப்பியபோது பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு நேரம். பெரியவள் படித்த பள்ளி அங்கேயே நின்றுவிட்டது. பல வீடுகளில் பிள்ளைகள் அந்த வருஷம் முழுக்க விடியற்காலையில் பஸ் ஏறிப் பழைய பள்ளிக்கே போனார்கள். சில பிள்ளைகள் பாதியில் நின்றார்கள். பள்ளிக்கூட எல்லையை யாரும் கோடு போட்டு மாற்றவில்லை. எங்களை எடுத்து எல்லைக்கு வெளியே வைத்தார்கள், அவ்வளவுதான். அதோடு மாவட்டமும் மாறியது: அங்கே சென்னை, இங்கே செங்கல்பட்டு.

இன்றைக்கும் நிறைய வீடுகளில் ஒரு அட்டையில் பழைய விலாசம், இன்னொன்றில் புது விலாசம். வேலை இன்னும் பாரிமுனையிலும் சிந்தாதிரிப்பேட்டையிலும் இருப்பதால் மாற்ற நேரம் கிடைப்பதில்லை. ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் கூலி போகும். அப்படியே விண்ணப்பம் போட்டு, வீடு ஓர் இடம் சான்று ஓர் இடம் என்று தள்ளப்பட்டவர்கள் எங்கள் பிளாக்கிலேயே உண்டு. இந்தத் தம்பி அதை முதலிலேயே பிடித்துவிடுகிறார். ஆதாரில் விலாசம் மாற்றிவிட்டு வாருங்கள், அப்புறம் போடலாம் என்று திருப்பி அனுப்புவார். சும்மா பார்த்துச் சொல்வதற்குக் காசு வாங்குவதில்லை.

என் மகனுக்குப் போட்டபோது நடந்ததைச் சொல்கிறேன். பிறப்புச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ் மூன்றையும் வாங்கிப் பெயர், இனிஷியல் எல்லாம் ஒத்துப்போகிறதா என்று பார்த்தார். நான் வருமானச் சான்றிதழுக்கும் அலைய வேண்டுமோ என்று பயந்திருந்தேன். எஸ்.சி., எம்.பி.சி. மாதிரி வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில் போடுபவர்களுக்குச் சாதிச் சான்றிதழ் போதும், ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குக் கீழ் என்று காட்ட வேண்டியது நலிவடைந்த பிரிவில் போடுபவர்கள்தான் என்று அவர் சொன்னார். இதைத் தெரிந்துகொள்ளாமல் தாலுகா ஆபீசுக்கு நடந்தே செருப்புத் தேய்த்தவர்களை எனக்குத் தெரியும். ஸ்கேன், பிரிண்ட் எல்லாம் சேர்த்து 100 ரூபாய்க்குள் முடிந்தது. விண்ணப்பத்துக்கு அரசு கட்டணம் எதுவும் கிடையாது என்பதையும் அவரே சொன்னார். வேறொரு கடையில் 'விண்ணப்பக் கட்டணம்' என்று தனியாக வாங்கியிருக்கிறார்கள்.

அப்புறம் வரைபடத்தைத் திறந்து எங்கள் பிளாக்கின் மேல் புள்ளி வைத்தார். அவசரப்படாமல், சரியான பிளாக்கில் வைத்தார். இந்தக் குடியிருப்பு எவ்வளவு பெரியது என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். புள்ளி இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நகர்ந்தால் ஒரு பள்ளி உள்ளே வரும், இன்னொன்று வெளியே போகும்.

திரையில் வந்த பட்டியலைப் பார்த்ததும் எனக்கு மனசு விட்டுப்போனது. சுமார் 20,000 வீடுகளைக் கட்டி எல்லா ஏழைகளையும் ஒரே இடத்தில் குவித்திருக்கிறார்கள். அத்தனை வீட்டுப் பிள்ளைகளும் அதே சில பள்ளிகளின் அதே சில இடங்களுக்குப் போட்டி. விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். பழைய இடத்தில் இருந்திருந்தால் நல்ல பள்ளி கிடைத்திருக்கும் என்றேன். அங்கேயும் சுலபமில்லை அக்கா, சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகள் இந்த 25 சதவீதத்துக்குள் வராது, 2014-இல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொல்லிவிட்டது என்றார். ஒரு ஜெராக்ஸ் கடையில் இவ்வளவு பொறுமையாக யார் சொல்வார்கள்?

குலுக்கலில் மகனுக்கு இடம் கிடைத்தது. அதற்குப் பிறகு அந்தத் தனியார் பள்ளியில் புத்தகம், சீருடை, ஆண்டு விழா என்று கேட்ட பணம் தனிக்கதை. வேன் வைக்க முடியாமல் நான் நடந்தே கொண்டுபோய் விடுகிறேன். எதிர் பிளாக் அக்கா தன் மகளை அரசுப் பள்ளியிலேயே சேர்த்தார். அங்கே காலை உணவும் மதிய உணவும் கிடைக்கிறது, ஆறு மணிக்கு வேலைக்குக் கிளம்புகிற அம்மாவுக்கு அது பெரிய விஷயம். அவர் எடுத்தது தப்பான முடிவு என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

2025-இல்தான் இந்தக் கடையின் குணம் நன்றாகத் தெரிந்தது. மத்திய அரசு நிதி வராததால் ஆர்.டி.இ. சேர்க்கை வழக்கமான ஏப்ரல், மே மாதங்களில் தொடங்கவில்லை. "ஏதாவது செஞ்சு போட்டுடலாம்" என்று காசு வாங்கியவர்கள் இருந்தார்கள்; இவர் ஒருத்தரிடமும் வாங்கவில்லை. அக்டோபரில் சேர்க்கை அறிவித்தபோது, அந்தப் பள்ளிகளில் ஏற்கெனவே சேர்ந்திருந்த பிள்ளைகளிலிருந்துதான் தேர்வு என்றார்கள். கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும் என்றார்கள். ஜூனில் கட்டணம் கட்ட வழியில்லாத வீட்டுக்கு அதனால் என்ன பயன்? இந்தச் சட்டமே யாருக்காக வந்ததோ அவர்கள்தான் அந்த வருஷம் வெளியே நின்றார்கள்.

வட்டத்தை இன்னும் சுருக்கப் பார்த்த மாநிலங்களும் உண்டு. கர்நாடகத்தில் அரசுப் பள்ளி பக்கத்தில் இருந்தால் தனியார் பள்ளியில் இந்த இடம் கேட்க முடியாது என்று 2018-19 வாக்கில் விதியை மாற்றினார்கள். மகாராஷ்டிரத்தில் 2024 பிப்ரவரியில் அதே மாதிரி 1 கிலோமீட்டர் கணக்கு வைத்தார்கள். மும்பை உயர் நீதிமன்றம் ஜூலையில் அதை ரத்து செய்தது. டெல்லியில் 1 கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கு முதலில் கொடுத்துவிட்டு, இடம் மிச்சமிருந்தால் 3, அதற்கப்புறம் 6 கிலோமீட்டர் என்று தள்ளிப் போகிறார்கள். இங்கேயும் அப்படிச் செய்யலாம். அரசே இடம் மாற்றிய குடும்பங்களுக்காவது வட்டத்தை மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வரைக்கும் பெரிதாக்கிப் போக்குவரத்துச் செலவையும் கொடுக்க வேண்டும். அந்த விதி வரும்வரை, இருக்கிற விதியில் ஒரு பிள்ளையும் விலாசத்தால் விழாமல் பார்க்கிற ஆள் எங்களுக்கு வேண்டும்.

கடையில் குறையும் உண்டு. உட்கார இடமில்லை, கைக்குழந்தையோடு வருபவர்கள் வெயிலில்தான் நிற்க வேண்டும். சர்வர் இழுத்தால் ராத்திரி வரைக்கும் ஆகும். பில் தருவதில்லை, என்ன வேலைக்கு எவ்வளவு என்று எழுதி ஒட்டினால் புதிதாக வருபவர்களுக்கு நம்பிக்கை வரும். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் மூடிவிடுவார். போகிறவர்கள் கடைசி வாரம் வரை காத்திருக்காமல், பிப்ரவரி மார்ச்சிலேயே ஆதாரையும் ரேஷன் கார்டையும் எடுத்துக்கொண்டு போய் விலாசத்தை மட்டும் காட்டிவிட்டு வாருங்கள். மாற்ற வேண்டியிருந்தால் அதற்கே ஒரு மாதம் பிடிக்கும்.