மொட்டை மாடிக்கு எது: வெள்ளைப் பூச்சா, உடைசல் டைல்ஸா, தோட்டமா, சோலாரா?

மே மாதம் மத்தியானம் ஒரு மணிக்கு நங்கநல்லூரில் எங்கள் மாடியில் வெறுங்காலோடு நிற்க முடியாது. அதுகூடப் பரவாயில்லை. ராத்திரி பத்து மணிக்குப் படுக்கையறையில் ஃபேனைப் போட்டால், பகலெல்லாம் தளம் குடித்து வைத்த சூட்டைத்தான் கீழே இறக்கும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவான ஊர் இது. ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்று ஆரம்பித்து, ஏழெட்டு வருஷத்தில் நாலையும் செய்து பார்த்துவிட்டேன்.

"மானியம் தர்றாங்களே, சோலார் போட்டுடலாமா?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். தளம் கொதிப்பதால் ஏசி ஓடுகிறது, ஏசி ஓடுவதால் பில் ஏறுகிறது. கொதிப்பை விட்டுவிட்டு பில்லைப் பிடிப்பானேன்? முதலில் தளத்தை வெள்ளையாக்குங்கள். அதற்கப்புறம் வரும் பில்லைப் பார்த்து எத்தனை கிலோவாட் என்று யோசிக்கலாம்.

வெள்ளையாக்க மலிவான வழி பூச்சு. சுண்ணாம்பில் பசை கலந்து அடித்தால் ஒரு கோடை தாங்கும், கூல் ரூஃப் பெயிண்ட் இரண்டு மூன்று வருஷம். புதிதாய் அடித்த வெள்ளை, விழும் வெயிலில் சுமார் 80 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். வெறும் சிமென்ட் தளத்தில் மூன்றில் ஒரு பங்கு திரும்பினாலே அதிகம். சிக்கல் வெயிலில் இல்லை, மழையில். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பாசி பிடித்துக் கறுத்தால், பங்குனியில் தேய்த்துக் கழுவாமல் பலன் கிடையாது. நான் ஒரு வருஷம் சோம்பேறித்தனப்பட்டேன். அந்தக் கோடையில் பழைய கதைதான்.

அடுத்து உடைசல் டைல்ஸ். என் ஓட்டு இதற்குத்தான். புது வெள்ளை டைல்ஸுக்கு விலை விசாரித்துக்கொண்டிருந்தபோது கொத்தனார் சிரித்தார். "புச்சா வாங்கி இன்னாத்துக்கு சார்? டைல்ஸ் கடை பின்னாடி உடைசல் மூட்டை மூட்டையா கெடக்குது. தூக்கினு போனா போதும்னுவாங்க." கீழ்க்கட்டளைப் பக்கம் ஒரு கடையில் உண்மையிலேயே அப்படித்தான் சொன்னார்கள். பழைய தட்டோட்டின் (தளத்தில் பதித்த தட்டைச் சுடுமண் ஓடு) மேல் பாசியைச் சுரண்டி, விரிசலை அடைத்து, தண்ணீர் குழாய் வாய்க்கு ஓடும்படி வாட்டம் பார்த்து, சில்லுகளை நெருக்கிப் பதித்து, இடுக்கில் வெள்ளை சிமென்ட் தேய்த்தார்கள். சில்லு சின்னதாக இருப்பதால் வெயிலில் விரிந்து சுருங்கினாலும் பெரிய டைல்ஸ் போலக் கிளம்பி நிற்காது. செலவில் பெரும்பகுதி கொத்தனார், சித்தாள் கூலிதான். முடிந்த மறுநாள் மத்தியானம் அம்மா செருப்பில்லாமல் வடாம் காயவைத்தார். கண் கூசுகிறது என்று எதிர்வீட்டு மாடிக்காரர் மட்டும் இன்னும் முனகுகிறார். அவர் சொல்வதும் நிஜம்தான்.

இன்னொரு லாபமும் உண்டு. 2003-ல் தமிழ்நாடு முழுக்கக் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்புக்கு இந்தத் தளம் ரொம்ப ஏற்றது. முதல் மழையை வெளியே விட்டுவிட்டால் அடுத்து இறங்கும் தண்ணீர் தெளிவாக இருக்கிறது.

தோட்டத்தைச் சூட்டுக்காக வைக்கிறேன் என்று சொல்லாதீர்கள். ஆசைக்கு வையுங்கள். பைகள் இருக்கும் இடத்தில் மட்டும்தான் நிழல். ஆள் நடமாடும் மாடியைச் சதுர மீட்டருக்கு 150 கிலோ என்ற கணக்கில்தான் வடிவமைக்கிறார்கள். நனைந்த மண்ணை ஓரடி உயரம் பரப்பினால் அதே இடத்தில் 500 கிலோ. அதனால் தென்னைநார்க் கழிவு கலந்த பைகளை, கீழே சுவர் வரும் ஓரங்களில் வைப்பதே நல்லது. மறுபயன்பாட்டுக்குத் தோட்டத்தை மிஞ்ச ஒன்றுமில்லை: பெயிண்ட் டப்பா, விரிசல் விட்ட தண்ணீர் கேன், கதவு கழன்ற ஃப்ரிட்ஜ், எல்லாவற்றிலும் கீரை வரும். ஆனால் தளத்தோடு ஒட்டி வைத்த ஒரே ஒரு பையால் எங்கள் அறையில் ஓதம் அடித்து, சீலிங் சுண்ணாம்பு உரிந்து விழுந்தது. இப்போது எல்லாமே செங்கல் மேல் நிற்கின்றன. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற தெருவில் வெண்டைச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற மனசு வரவில்லை. பாதிச் செடிகள் காய்ந்தே போயின.

சோலாருக்கு வருவோம். 1 கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி நிழல் விழாத இடம் வேண்டும். சென்னை வெயிலில் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். 2024-ல் வந்த மத்திய அரசின் பி.எம். சூர்யகர் திட்டத்தில் மானியம் முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000, ஆக உச்சம் 78,000. யாருக்கு இது கட்டுப்படியாகும்? இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசம் என்பதால், 300 யூனிட்டோடு நிறுத்துகிற வீட்டில் போட்ட பணம் திரும்ப வெகுகாலம் ஆகும். 500-ஐத் தாண்டி கட்டண ஸ்லாப் எகிறும் வீடுகளுக்குத் தாராளமாகப் போடலாம். நாங்கள் 3 கிலோவாட் என்று நினைத்திருந்தோம். டைல்ஸ் போட்டபின் ஏசி இரண்டு மணி நேரம் தள்ளியே ஆன் ஆனது, 2 போதும் என்று ஆகிவிட்டது.

விற்க வருகிறவர் தானாகச் சொல்லாத விஷயம் ஒன்று: பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு இணைத்த ஆன்-கிரிட் அமைப்பு, கரன்ட் போனால் வெயில் கொளுத்தினாலும் தானும் நின்றுவிடும். பேனல் கரன்ட் லைனுக்குப் போய், அதில் வேலை செய்யும் லைன்மேன் உயிருக்கு ஆபத்தாகக் கூடாது என்று அப்படி வைத்திருக்கிறார்கள், நியாயம்தான். ஆனால் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மாதிரி நேரத்தில் மாடியில் பேனல் இருந்தும் மெழுகுவத்திதான். கம்பிக்கால்களுக்குத் தளத்தைத் துளைக்கவும் விடாதீர்கள்; கான்கிரீட் பீடம் கட்டி அதில் போல்ட் போடச் சொல்லுங்கள். வர்தா புயல் அடித்த ஊர், பீடம் கனமாகவே இருக்கட்டும். ஏழெட்டு அடி உயரத்தில் தூக்கிக் கட்டினால் அடியில் துணி காயும், தளத்துக்கும் நிழல். போர்த் தண்ணீரில் பேனலைக் கழுவினால் உப்புத் திட்டு படியும், சேமித்த மழைத் தண்ணீரே மேல்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் மேல்தளத்தில் இருப்பவர் பாடுதான் பாவம். மாடி எல்லோருக்கும் பொது, சூடு அவருக்கு மட்டும். பெருங்குடியில் என் சித்தி பையன் சோலாருக்கு அசோசியேஷனில் கேட்டு இரண்டு கூட்டம் முடிந்துவிட்டது. மூன்றாவது கூட்டத்தில் வெள்ளைப் பூச்சுக்கு மட்டும் சம்மதித்தார்கள், அதுவும் அவன் செலவில். துணிக்கொடிக் கம்பங்களைச் சுற்றி மட்டும் அடிக்கக்கூடாதாம்.