மாற்றாத மதர்போர்டுக்கு 6,800 ரூபாய்

வீட்டுக் கம்ப்யூட்டர் தானாக அணைந்து அணைந்து எழுகிறதா? அதைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் கடைக்குக் கிளம்பப் போகிறீர்களா? பத்து நிமிடம் பொறுங்கள். நான் பொறுக்காமல் போய் 7,500 ரூபாய் கொடுத்துவிட்டு வந்தேன். கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. கோவை காந்திபுரம் பக்கம், மாடி ஏறிப் போகிற கடை, அவ்வளவு போதும்.

எனக்குச் சோமனூர். தறிக்காரர்களுக்கும் நூல் வியாபாரிகள் சிலருக்கும் கணக்கு எழுதி, ஜி.எஸ்.டி ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பது பிழைப்பு. கம்ப்யூட்டர் 2019ல் அசெம்பிள் செய்தது. ஒன்பதாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், ஒரு எஸ்.எஸ்.டி. இத்தனை வருஷம் ஒரு முனகல் இல்லாமல் ஓடியது. தீபாவளி முடிந்த கையோடு ஆரம்பித்தது வினை. டேலி என்ற கணக்கு மென்பொருளில் வவுச்சர் போட்டுக்கொண்டிருக்கும்போதே பட்டென்று திரை கறுக்கும், சில விநாடிகளில் மறுபடி விண்டோஸ் வட்டம் சுற்றும். நீலத்திரை கிடையாது, எந்த எழுத்தும் கிடையாது. ஒரு தடவை ஒரு கம்பெனியின் டேட்டாவே பாதியில் உடைந்து, ரீரைட் செய்து மீட்க ஒரு ராத்திரி போயிற்று. 3பி என்கிற மாதாந்தர ஜி.எஸ்.டி ரிட்டர்ன் 20ஆம் தேதிக்குள் போயாக வேண்டும். தவறினால் நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். அது யார் தலையில் விழும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தெரிந்த வைத்தியமெல்லாம் செய்தேன். மூடியைத் திறந்து தூசி தட்டினேன், ரேமைக் கழற்றி ரப்பரால் தேய்த்து மாட்டினேன், வைரஸ் ஸ்கேன் ஓட்டினேன். ஒன்றும் கேட்கவில்லை. ஒரு திங்கட்கிழமை சி.பி.யூவை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

கடைக்காரர் அதை ஆன் செய்துகூடப் பார்க்கவில்லை. பக்கவாட்டு மூடியைக் கழற்றி, செல்போன் டார்ச் அடித்து, உள்ளே எதையோ காட்டி, "போர்டு போயிருச்சுங்க சார். கப்பாசிட்டர் ஊதியிருக்குது பாருங்க" என்றார். பார்த்தேன். எனக்கு ஊதினதும் தெரியவில்லை, ஊதாததும் தெரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். (போர்டில் மின்சாரத்தைக் கொஞ்சம் தேக்கி வைக்கும் சின்ன உருளைதான் கப்பாசிட்டர். அது ஊதுவது பொய்யில்லை. 2000களின் தொடக்கத்தில் வந்த போர்டுகளில் அது பெரிய தொல்லையாகவே இருந்தது. இப்போதைய போர்டுகளில் பெரும்பாலும் திட வகைக் கப்பாசிட்டர்கள்தான், அவை அப்படி ஊதி நிற்பது அபூர்வம். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு வந்த ஞானம்.)

"புது போர்டு 6,800, சர்வீஸ் 700. பில் வேணும்னா 18 பர்சென்ட் சேருங்க" என்றார். இங்கேதான் நான் வெட்கப்பட வேண்டும். ஊரில் உள்ளவர்களிடமெல்லாம் 'பில் இல்லாமல் வாங்காதீர்கள்' என்று சொல்லிப் பிழைக்கிறவன் நான். அந்த 1,350 ரூபாய்க்கு ஆசைப்பட்டு, "பில் வேண்டாங்க" என்று சொல்லிவிட்டேன். கையில் கிடைத்தது எஸ்டிமேட் என்று அச்சடித்த ஒரு துண்டுச்சீட்டு. 'எம்.போர்டு மாற்றம், சர்வீஸ்' என்று இரண்டு வரி, கீழே ரப்பர் ஸ்டாம்ப்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாங்கப் போனபோது கடைப்பையன், "மூணு நாள் விடாம ஓட்டிப் பாத்தோங்க. பழைய போர்டுல நாலு தடவை ரீஸ்டார்ட் ஆச்சு, புதுசுல சுத்தமா நின்னுருச்சு" என்றான். பழைய போர்டைக் கேட்டேன். ஸ்க்ராப்புக்குப் போய்விட்டதாம். பணத்தைப் போனில் அனுப்பிவிட்டு வந்தேன். வீட்டில் மாட்டிவிட்டுத் தூங்கினேன். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, வேலையை ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில், பட்.

கடைக்குப் போன் செய்தால், "அப்ப ப்ராசஸரும் அடிபட்டிருக்குங்க சார், கொண்டு வாங்க" என்கிறார். நல்லவேளை, அன்றைக்கு அக்கா மகனிடம் புலம்பினேன். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். "மாமா, எங்கயும் தூக்கிட்டுப் போகாதீங்க. ஸ்டார்ட் பட்டன்ல ரைட் கிளிக் பண்ணுங்க. ஈவென்ட் வியூவர்னு இருக்கும். அதுல விண்டோஸ் லாக்ஸ், அதுக்குள்ள சிஸ்டம்" என்றான்.

திறந்தால் ஒரு நாட்குறிப்பே இருக்கிறது! கம்ப்யூட்டர் எழுந்த நேரம் 6005 என்ற எண்ணிலும், ஒழுங்காக அணைந்த நேரம் 6006லும், சொல்லாமல் கொள்ளாமல் செத்தது 6008லும் பதிவாகியிருக்கும். இதோடு கெர்னல்-பவர் 41 என்று சிவப்புக் குறியோடு ஒன்று, ஒழுங்காக அணையாமலே மறுபடி எழுந்ததற்கான பதிவு. அதைத் திறந்து 'டீடெயில்ஸ்' பக்கத்தில் பக்செக் கோட் என்ற இடத்தைப் பார்க்கச் சொன்னான். எல்லாவற்றிலும் பூஜ்யம். விண்டோஸே நிலைகுலைந்து விழுந்திருந்தால் அங்கே பெரும்பாலும் வேறு எண் நிற்குமாம். பூஜ்யம் என்றால் விண்டோஸுக்கே ஒன்றும் தெரியாமல் காலடியில் கரண்ட் போயிருக்கலாம், அல்லது எழுதக்கூட அவகாசமில்லாமல் உறைந்திருக்கலாம். அவன் சந்தேகம் முதலாவதன் மேல்.

அப்புறம் தேதிகளைப் பார்த்தேன். கடையில் இருந்த ஐந்து நாளில் என் கம்ப்யூட்டர் விழித்திருந்தது ஒரே ஒரு முறை. வெள்ளிக்கிழமை 4.52க்கு எழுந்து 5.10க்கு ஒழுங்காக அணைந்திருக்கிறது. மூன்று நாள் ஓட்டம் எங்கே, நாலு ரீஸ்டார்ட் எங்கே?

"போர்டு மாத்தினாங்கன்னு சொன்னீங்களே, விண்டோஸ் ஆக்டிவேஷன் கேட்டுச்சா?" என்றான் அடுத்து. கேட்கவில்லை. விண்டோஸ் உரிமம் போர்டோடு பிணைந்தது, போர்டு மாறினால் பெரும்பாலும் மறுபடி கேட்கும் என்றான். மூடியைக் கழற்றினேன். 2019ல் அசெம்பிள் செய்தவர் கேபிள்களைக் கட்டிய டேக் ஒன்றுகூட அறுபடவில்லை. பரணில் பழைய மதர்போர்டு அட்டைப்பெட்டி கிடந்தது (எதையும் தூக்கிப் போடுவதில்லை என்று வீட்டில் வாங்கும் திட்டுக்கு அன்றைக்குத்தான் பலன்). பெட்டியில் இருந்த சீரியல் நம்பரும் போர்டில் ஒட்டியிருந்த நம்பரும் ஒன்றே. போர்டை யாரும் தொடவே இல்லை.

ரேமை மட்டும் தொட்டிருந்தார்கள், என்னுடையதை எடுத்துவிட்டு மெதுவான வேறொன்றை மாட்டி. என்னுடையது 2666 வேகம். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தால் 2133 என்று காட்டியது. ஜிபி அதே 8 என்பதால் கண்ணில் படவில்லை.

சரி, நிஜக் கோளாறு என்ன? 41 வந்த நேரங்களை ஒரு தாளில் எழுதச் சொன்னான். காலை 8.02, இரவு 8.04, காலை 8.01... எழுதும்போதே எனக்கு உறைத்தது. காலையும் இரவும் எட்டு மணிக்குப் பக்கத்துத் தறிக்கூடத்தில் ஷிப்ட் மாறும். நின்ற தறிகள் ஒட்டுமொத்தமாகக் கிளம்பும். மோட்டார் கிளம்பும் கணத்தில் ஓடும்போது இழுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும், எங்கள் வீதியில் விளக்கே ஒரு தரம் மங்கும். வோல்டேஜ் இறங்கினால் யூ.பி.எஸ் பேட்டரிக்கு மாறித் தாங்க வேண்டும். என் யூ.பி.எஸ்ஸில் இருந்த 12 வோல்ட் பேட்டரிக்கு நாலு வயது. வழக்கமாக அது இரண்டு மூன்று வருஷம்தான் உழைக்கும். மாறிய கணமே அது கையை விரித்திருக்கிறது. கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ் தன் பங்குக்கு விநாடியில் அறுபதில் ஒரு பங்கு நேரம் சமாளிக்கும், அதற்கு மேல் முடியாது. கரண்ட் திரும்பியதும் கம்ப்யூட்டர் புதிதாக எழுகிறது.

சோதித்துப் பார்ப்பது சுலபம். எல்லாவற்றையும் சேமித்துவிட்டு, கம்ப்யூட்டர் ஓடும்போதே யூ.பி.எஸ் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். ஒரு விநாடிகூடத் தாங்கவில்லை, கம்ப்யூட்டர் அணைந்துவிட்டது. புது பேட்டரி 950 ரூபாய், பில்லோடு.

திங்கட்கிழமை அட்டைப்பெட்டியையும் அந்த நாட்குறிப்பின் (லாக்) பிரிண்ட் அவுட்டையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். முதலில், "வேற டிஸ்க் போட்டு டெஸ்ட் பண்ணினோங்க, அதான் உங்க லாக்ல இல்ல" என்றார் கடைக்காரர். நல்ல பதில்தான். சீரியல் நம்பரைக் காட்டினேன். அதற்குப் பதில் வரவில்லை. அங்கே லேப்டாப்போடு நின்றிருந்த இரண்டு பேர் எட்டிப் பார்க்க ஆரம்பித்ததும் குரல் இறங்கியது. "பையன் தப்பு பண்ணிட்டானுங்க, நீங்க பெரிய மனுசர்" என்று 5,000 ரூபாயைத் திருப்பி அனுப்பினார். மீதி அடுத்த வாரம் என்றார். அந்த அடுத்த வாரம் இன்னும் வரவில்லை.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணமே கிடையாது, இரண்டு வருஷம் அவகாசமும் உண்டு. பில் இல்லாதது இடிக்கிறது. எஸ்டிமேட் சீட்டும் போனில் பணம் போன பதிவும் கையில் இருக்கின்றன, பார்க்கலாம். அதுவரை நீங்கள் சர்வீஸுக்குக் கொடுக்கிறதாக இருந்தால், மூடியைக் கழற்றி போர்டு, ரேம், எஸ்.எஸ்.டி மூன்றின் ஸ்டிக்கரையும் போனில் படம் எடுத்து, கடைக்காரர் பார்க்கும்படியாகவே எடுத்து, வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிய பழைய பாகம் கைக்கு வராமல் பணம் கொடுக்காதீர்கள்.

பேட்டரி மாற்றி ஏழு வாரம் ஆகிறது. எட்டு மணிக்குத் தறிகள் கிளம்பும்போது யூ.பி.எஸ் ஒரு தரம் 'டிக்' என்கிறது, திரை அசைவதில்லை. லாகில் 41 ஒன்றுகூட இல்லை. ரேம் மட்டும் இன்னும் 2133தான்.