ஈமோகுளோபினை அசைத்துக் காட்டுவது: கைமெராஎக்ஸ், பிளெண்டர் நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

வன்னியில் உயர்தர வகுப்புக்கு மூலக்கூறு அசைவுப்படம் செய்கிறவர் மென்பொருளைத் தெரிவு செய்யமுன் வகுப்பறை யன்னலைப் பார்க்க வேண்டும். திரைச்சீலை இல்லாத அறையில், பழைய 1024×768 மல்டிமீடியா புரொஜெக்டரில், கறுப்புப் பின்னணி சாம்பலாகத்தான் விழும். அதன்மேல் சாம்பல் நிறக் காபன் அணுக்கள் தெரியவே தெரியாது. வெள்ளைப் பின்னணி, கடும் நிறம் இரண்டு, கறுப்பு விளிம்புக்கோடு: பகல் வகுப்புக்கு இதுதான் சரிவரும்.

அன்றாட வேலைக்கு, மூலக்கூறுகளை முப்பரிமாணத்தில் காட்டும் மென்பொருளான கைமெராஎக்ஸ் போதும். வணிக நோக்கமில்லாத பாவனைக்கு இலவசம்; தனிக் கிராபிக்ஸ் கார்ட் இல்லாத லப்டொப்பிலும் ஓடும். ‘சொஃப்ட்’ ஒளியமைப்பு 64 திசைகளிலிருந்து நிழல் கணிப்பதால் அப்படியான லப்டொப் திணறும். ‘சிம்பிள்’ ஒளியில் வேலையை முடித்துவிட்டு, பதிவு செய்யும்போது மட்டும் ‘சொஃப்ட்’டுக்கு மாறலாம்.

ஈமோகுளோபின் ஒட்சிசனை ஏற்கும் மாற்றத்தைக் காட்டப் பலர் புரதத் தரவு வங்கியிலிருந்து (புரத அமைப்புகளைச் சேமித்து வைக்கும் இணையத் தொகுப்பு) ஒட்சிசனற்றதற்கு 2டிஎன்2, ஒட்சிசன் சேர்ந்ததற்கு 2டிஎன்1 என்ற கோப்புகளை எடுப்பார்கள். சிக்கல் இங்கேதான் தொடங்கும். 2டிஎன்2 கோப்பில் ஈமோகுளோபினின் நான்கு புரதச் சங்கிலிகளும் (அல்பா இரண்டு, பீற்றா இரண்டு) உண்டு. 2டிஎன்1 கோப்பில் அல்பா ஒன்று, பீற்றா ஒன்று, அதாவது பாதி மூலக்கூறுதான். அதைப் பார்த்துப் பதிவிறக்கம் பிழைத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். மற்றப் பாதி பளிங்குச் சமச்சீரால் வருவது. புரதத் தரவு வங்கியில் ‘உயிரியல் கூட்டமைப்பு’ என்று தனியாக இருக்கும் கோப்பை இறக்கி, சங்கிலிப் பெயர்கள் இரண்டு பக்கமும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்த பிறகே, ஒரு வடிவத்தை இன்னொன்றாக மாற்றிக் காட்டும் ‘மோர்ஃப்’ கட்டளைக்குப் போக வேண்டும்.

அடுத்தது பொருத்துதல், அதாவது இரண்டு வடிவங்களையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைப்பது. முழு மூலக்கூறையும் முழு மூலக்கூறின்மேல் பொருத்தினால் அசைவு இரண்டு பாதிக்கும் பங்கிடப்பட்டு, மொத்தமாக ஒரு நெளிவு மட்டுமே தெரியும். ஒரு அல்பா-பீற்றாச் சோடியை மட்டும் பொருத்துங்கள். அது அசையாமல் நிற்க, மற்றச் சோடி ஏறத்தாழ 15 பாகை திரும்புவது பின் வாங்கில் இருப்பவருக்கும் தெரியும். ஒட்சிசனைப் பிடிக்கும் இரும்பைத் தாங்கும் தட்டையான வளையமே ஈம். அந்த ஈம் தளத்துக்குள் இரும்பு நகர்வது சுமார் 0.4 அங்ஸ்ட்ரோம்தான் (ஒரு அங்ஸ்ட்ரோம் என்பது மீற்றரின் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு). முழு மூலக்கூறுப் படத்தில் அது யாருக்கும் தெரியாது. ஈமையும் அதனோடு பிணைந்த இஸ்ரிடின் அமினோ அமிலத்தையும் பெரிதாக்கி வேறு துண்டாகவே எடுக்க வேண்டும். ஒரு துண்டில் ஒரு அசைவு. சுழற்சி, பெரிதாக்கல், நிறமாற்றம் எல்லாம் ஒன்றாக நடந்தால் பார்ப்பவருக்குத் தலைசுற்றல்தான் மிச்சம். இடைப்பட்ட நிலைகள் கணினி இட்டு நிரப்பியவை, அளந்தவை அல்ல. இதையும் மாணவருக்குச் சொல்லிவிட வேண்டும்.

கைமெராஎக்ஸ் பதிவில் அடிக்கடி வரும் பிழை: ‘டேர்ன் வை 2 180’ (சட்டத்துக்கு 2 பாகை வீதம் 180 சட்டங்கள் சுழற்று) கொடுத்ததும், அது முடியும்வரை காத்திருக்கும் ‘வெயிட் 180’ கொடுக்காமல், வீடியோவாக்கும் ‘என்கோட்’டுக்குப் போவது. சட்டம் என்பது வீடியோவின் ஒரு தனிப் படம் (ஃபிரேம்). சுழற்சி முடியமுன்னரே பதிவு மூடிவிடும். சரியாகக் கொடுத்தால் 180 சட்டங்கள். நொடிக்கு 25 வீதம் 7.2 நொடி.

முப்பரிமாண அசைவூட்ட மென்பொருளான பிளெண்டரில், மூலக்கூறுகளைக் கொண்டுவரும் ‘மொலிக்கியூலர் நோட்ஸ்’ என்ற துணைநிரலைச் சேர்த்தால் வரும் அழகு வேறுதான். ஆனால் அது மாநாட்டு முன்வைப்புக்கு; வாராந்த வகுப்புக்கு அந்த உழைப்பு வீண். மாரியில் இடி முழங்கத் தொடங்கினால் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. ஆகவே நேரடியாக எம்பி4 எழுதவிடாமல் ஒவ்வொரு சட்டத்தையும் பிஎன்ஜி படமாக எழுதுங்கள். ஏற்கெனவே உள்ள படங்களின்மேல் திரும்ப எழுதும் ‘ஓவர்ரைட்’ தெரிவை நீக்கிவிட்டால், மின்சாரம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். கரண்ட் போன கணத்தில் எழுதப்பட்டுக்கொண்டிருந்த கடைசிப் படம் அரைகுறையாக இருக்கலாம். அதை அழிக்காவிட்டால் பிளெண்டர் ‘இருக்கிறது’ என்று தாண்டிவிடும். வீடியோவின் நடுவில் ஒரு பழுதான சட்டம் மின்னி மறையும்.

மூலக்கூற்று இயக்கவியல் தரவை (அணுக்களின் அசைவைக் கணினியில் கணித்துப் பெற்றது) விஎம்டி என்ற இன்னொரு மூலக்கூறு காட்டும் மென்பொருளில் ஓடவிட்டால் அணுக்கள் நடுங்கும். சட்டங்களைச் சராசரியாக்கும் ‘ஸ்மூதிங்’ 3 அல்லது 5 போதும். கூட்டினால் சுழலும் மெதயில் கூட்டங்கள் சுருங்கிப் பிணைப்புகள் குறுகித் தெரியும்.

பிஎன்ஜி படங்களை, வீடியோவாக்கும் கருவியான எஃப்எஃப்எம்பெக்கில் சேர்க்கும்போது நிற வடிவத்தை ‘வையுவி420பி’ (yuv420p) என்று கொடுங்கள், அகலமும் உயரமும் இரட்டை எண்ணாக இருக்கட்டும். இல்லாவிட்டால் வீட்டில் ஓடிய வீடியோ பாடசாலைக் கணினியில் கறுப்பாக நிற்கலாம். பென்டிரைவில் எம்பி4 கோப்போடு தொடக்க நிலை, இறுதி நிலை இரண்டையும் அசையாப் படங்களாகப் போட்டு வையுங்கள். வீடியோ ஓடாவிட்டாலும் இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டி அந்த 15 பாகையை விளக்கலாம்.