ஆயிரம் பிரைமர் 25 டாலர், ஷிப்பிங் இலவசம்: அப்படி ஒரு கடையே கிடையாது

பிரைமர் என்பது தோட்டாவின் அடியில் இருக்கும் சின்ன மூடி, அடிபட்டதும் வெடித்து உள்ளே இருக்கும் மருந்தைப் பற்றவைப்பது அதுதான். அமெரிக்காவில் சுட்டு முடித்த பிஸ்டல் தோட்டாவின் கூட்டில் (கேஸ்) புதிய பிரைமர், வெடிமருந்து, குண்டு வைத்து வீட்டிலேயே ரீலோட் செய்கிறவர்களைக் குறிவைத்து 2020 பிரைமர் தட்டுப்பாட்டின்போது ஒரு போலி இணையக்கடை மோசடி பரவியது. தட்டுப்பாடு தணிந்த பிறகும் அது ஓயவில்லை. தளத்தின் பெயர் மாதாமாதம் மாறும். ஏமாற்றும் விதம் மாறுவதில்லை. பணத்தை விட்டவர்கள் எல்லோரும் சொல்வது ஏறக்குறைய ஒரே கதைதான்.

முகநூலிலோ தேடலிலோ ஒரு விளம்பரம் வரும். சிசிஐ 500, ஃபெடரல் 100, வின்செஸ்டர் ஸ்மால் பிஸ்டல் என்ற பிரைமர் வகைகள் எல்லாமே கையிருப்பில் இருக்கும், எல்லாம் ஒரே விலை, ஆயிரம் 25 டாலர். ஷிப்பிங் இலவசம், ஹாஸ்மட் (அபாயகரச் சரக்கு) கட்டணமும் கிடையாது. ஐயாயிரத்தைக் கூடையில் போட்டுப் பணம் கட்டப் போனால் கார்டு ஏற்காது. ‘எங்கள் கார்டு வசதி தற்காலிகமாக நிறுத்தப்பட்டுள்ளது, ஸெல் அல்லது கேஷ் ஆப்பில் அனுப்புங்கள், பிட்காயின் என்றால் 10 சதவீதம் தள்ளுபடி’ என்று மின்னஞ்சல் வரும். கூடவே ஒரு வரி: ‘குறிப்பில் பிரைமர் என்று எழுத வேண்டாம்.’ அந்த வரியைப் படித்ததுமே பக்கத்தை மூடிவிடலாம். உண்மையான வியாபாரி தன் சரக்கின் பெயரை வங்கியிடம் எதற்காக மறைக்க வேண்டும்?

பணம் போன மறுநாள் டிராக்கிங் எண் வரும். கேள்விப்படாத ஒரு கூரியர் தளத்தில் அதைப் போட்டுப் பார்த்தால் பெட்டி நகர்வதுபோலவே காட்டும். மூன்றாம் நாள் ‘அபாயகரச் சரக்கு என்பதால் பார்சல் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. காப்பீட்டுக்காக இத்தனை டாலர் கட்டுங்கள், பெட்டி கைக்கு வந்ததும் திருப்பித் தருவோம்’ என்று கேட்பார்கள். முதலில் விட்ட 125 டாலரைக் காப்பாற்றப் போய் இந்த இடத்தில்தான் பலர் அதைவிடப் பெரிய தொகையை விடுகிறார்கள்.

இந்த வலையில் விவரம் தெரியாதவர்கள்தான் விழுவார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 2020க்கு முன் ஆயிரம் பிரைமர் 30 டாலரை ஒட்டித்தான் விற்றது. பத்து வருடம் ரீலோட் செய்தவர் மனதில் நியாய விலை என்று பதிந்திருப்பது அந்த 30தான். 2020 ஜூலையில் துப்பாக்கி, தோட்டா நிறுவனமான ரெமிங்டன் திவால் மனு போட்டது, பெருந்தொற்றும் தேர்தலும் சேர்ந்து வந்தன, கன் ஷோ (துப்பாக்கிச் சந்தை) மேசைகளில் அதே ஆயிரம் 100 டாலரைத் தாண்டியது. பழைய விலையை மறக்காதவருக்கு 25 டாலர் என்றதும் நம்பத் தோன்றுகிறது. மோசடிக்காரன் விலை வைப்பதே அந்த நினைவை நம்பித்தான்.

இந்த விலை ஏன் சாத்தியமில்லை என்பதற்குச் சரக்கு அனுப்பும் விதியே போதும். பிரைமர் போக்குவரத்துச் சட்டத்தில் வெடிபொருள் வகை, 1.4எஸ், ஐநா எண் 0044. அமெரிக்கத் தபால் துறை அதை ஏற்கவே ஏற்காது. யுபிஎஸ், ஃபெடெக்ஸ் தரைவழிச் சேவைகள் ஒப்பந்தம் போட்ட அனுப்புநர்களிடம் மட்டும் வாங்கும், அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. அந்தக் கட்டணம் ஒரு ஆர்டருக்கு 20 முதல் 50 டாலர் வரை வந்து நிற்கும். ஆகவே தபால் துறையின் ‘ப்ரையாரிட்டி மெயிலில் அனுப்புவோம்’ என்று எழுதியிருந்தால் விற்பவர் பொய் சொல்கிறார், அல்லது சட்டத்தை மீறுகிறார். நல்ல கடைகளும் சில சமயம் ஹாஸ்மட் கட்டணத்தைத் தாங்களே ஏற்பதுண்டு. ஆனால் அதற்கு இவ்வளவு டாலருக்கு மேல் வாங்க வேண்டும் என்று நிபந்தனை வைப்பார்கள், நாளும் குறிப்பார்கள்.

வாங்குமுன் ஐந்து நிமிடம் செலவழியுங்கள். தளத்தின் பெயர் என்றைக்குப் பதிவானது என்று ஹூஇஸ் தேடலில் பாருங்கள். ‘1987 முதல் உங்கள் சேவையில்’ என்று எழுதியிருக்கும், பதிவு போன மாதமாக இருக்கும். முகவரியை வரைபடத்தில் போட்டால் யாரோ ஒருவரின் வீடோ காலி மனையோ தெரியும். எல்லாவற்றையும்விட நம்பகமான அடையாளம் கையிருப்புப் பட்டியல். அசல் கடையில் பாதிப் பொருள் ‘இல்லை’ என்றுதான் இருக்கும். எல்லாமே எப்போதும் இருக்கிற பிரைமர் கடையைத் தட்டுப்பாட்டுக் காலத்தில் யாரும் கண்டதில்லை.

பணத்தைக் கிரெடிட் கார்டில் மட்டும் கட்டுங்கள். பொருள் வராவிட்டால் முதல் பில் வந்த 60 நாளுக்குள் கார்டு நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுக்கலாம். கூட்டரசின் கடன் பில் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. ஸெல்லில் நீங்களே அனுப்பிய பணத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஏற்கெனவே அனுப்பிவிட்டவர்கள் அதே மணி நேரத்தில் வங்கியைக் கூப்பிடுங்கள், பிறகு எஃப்பிஐயின் இணையக் குற்றப் புகார் மையத்திலும் கூட்டரசின் வணிக ஆணையமான எஃப்டிசியிலும் பதிவு செய்யுங்கள். ‘உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம்’ என்று ஒருவர் வருவார். அவரும் அதே கும்பல்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கன் ஷோ மேசை. இங்கே கையில் பெட்டி வரும், அதற்குள் இருப்பதுதான் சிக்கல். ஆலையிலிருந்து வரும் முறை எளிது: 100 பிரைமர் ஒரு தட்டு, அப்படிப் பத்துத் தட்டு ஒரு பெட்டி, ஐந்து பெட்டி சேர்ந்து 5,000 கொண்ட பெரிய பெட்டி. தட்டின் உறை ஒவ்வொன்றிலும் லாட் எண் (ஒரே தடவையில் தயாரான தொகுதியின் எண்) இருக்கும். பத்து உறையையும் வரிசையாக வைத்து எண்ணை ஒப்பிடுங்கள். மூன்று விதமான எண் தெரிந்தால் அது பல பெட்டிகளின் மிச்சத்தை அடுக்கிய பெட்டி. உறையின் மடிப்பு நைந்திருந்தாலும், தட்டில் ஒரு குழி காலியாக இருந்தாலும் நகர்ந்துவிடுங்கள்.

இதில் நடக்கிற கலப்படம் கண்ணுக்குத் தெரியாது. ஸ்மால் பிஸ்டல் பிரைமரும் ஸ்மால் ரைஃபிள் பிரைமரும் விட்டம் ஒன்றே, 0.175 அங்குலம். உயரமும் ஒன்றே என்று சொல்லலாம். வித்தியாசம் பிரைமரின் வெளிக்கூடான உலோகக் கப்பின் தகட்டில். ரைஃபிளின் அழுத்தம் அதிகம் என்பதால் அதற்குத் தடித்த தகடு. ரைஃபிளுக்கான சிசிஐ 400ஐப் பிஸ்டலுக்கான 500 உறைக்குள் தள்ளி விற்றால் மேசையில் யாராலும் சொல்ல முடியாது. சுடும் ரேஞ்சுக்குப் போனபின்தான் தெரியும்: ஃபயரிங் பின் (பிரைமரை அடிக்கும் ஊசி) தழும்பு ஆழமில்லாமல் பதிந்திருக்கும், சுடாது. ஸ்பிரிங்கைத் தளர்த்திய போட்டித் துப்பாக்கி என்றால் பத்தில் மூன்று வெடிக்காமல் நின்றாலும் ஆச்சரியமில்லை. லார்ஜ் வகையில் இந்தக் குழப்பம் குறைவு. ரைஃபிள் பிரைமர் உயரம் கூடியது, பிஸ்டல் கேஸில் வைத்தால் துருத்திக்கொண்டு நிற்கும்.

கண்ணாடி ஜாடியிலோ மாத்திரை டப்பாவிலோ கொட்டி வைத்த பிரைமரை இலவசமாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். தீபாவளித் துப்பாக்கியின் பொட்டுக் கேப்பு மாதிரிதான் என்று தோன்றும். ஆனால் தட்டில் அவை ஒன்றையொன்று தொடாமல் தனித்தனிக் குழியில் இருப்பதற்குக் காரணம் உண்டு. குவியலில் ஒன்று வெடித்தால் மொத்தமும் ஒரே நொடியில் வெடிக்கும், ஜாடி சில்லாகப் பறக்கும். ஃபெடரலின் பெட்டி மற்றவற்றைவிடப் பெரிதாக இருப்பதும் இந்த இடைவெளிக்காகத்தான். ராணுவ உபரி என்று விற்கும் பழைய பிரைமர்களுக்கு இன்னொரு கெடுதல்: பொட்டாசியம் குளோரேட் சேர்ந்த பழைய கலவை எரிந்தபின் உப்பை விட்டுச் செல்லும், அது ஈரத்தை இழுத்துக் குழலைத் துருப்பிடிக்க வைக்கும். அதற்கு எண்ணெய் துடைத்தால் போதாது, தண்ணீர்தான் உப்பைக் கரைக்கும்.

அப்படியானால் மலிவாக வாங்க வழியே இல்லையா? உண்டு. செக் நாட்டு செல்லியர் பெல்லோ, இத்தாலியின் ஃபியோக்கி, போஸ்னியாவின் கோராஷ்தே நகரத்து ஜினெக்ஸ் எல்லாம் அசல் ஆலைச் சரக்கு. அமெரிக்கப் பெயர்களைவிடக் குறைந்த விலைக்கு அடிக்கடி கிடைக்கும். விலையை மட்டும் வீட்டு வாசலுக்கு வந்து சேரும் கணக்கில் பாருங்கள். ஒரு கணக்குக்கு ஆயிரம் 45 டாலர், ஹாஸ்மட் 30, ஷிப்பிங் 15 என்று வைத்தால் ஒரு பிரைமர் 9 சென்ட். அதே 30ஐக் கட்டி ஐயாயிரம் எடுத்து, ஷிப்பிங் 20 ஆனாலும் ஐந்தரை சென்ட்தான். உள்ளூர்க் கடையில் ஆயிரம் 65 என்றால் ஆறரை சென்ட், விற்பனை வரி தனி, ஹாஸ்மட் இல்லை. ஆயிரம் மட்டும் வேண்டுமென்றால் உள்ளூர்க் கடைதான் லாபம். இதைப் பார்க்காமல் ஆன்லைனில் ‘20 டாலர் மிச்சம்’ என்று வாங்குகிறவர்கள் தங்களைத் தாங்களே ஏமாற்றிக்கொள்கிறார்கள்.

ஐயாயிரத்துக்கு ஆசைப்படுமுன் நூறோ இருநூறோ வாங்கி உங்கள் துப்பாக்கியில் சுட்டுப் பாருங்கள். பிரைமரை எந்தக் கடையும் திரும்ப எடுப்பதில்லை. ஃபெடரல் மிக மென்மை, வின்செஸ்டர் நடுவில், சிசிஐ கொஞ்சம் கடினம் என்பதுதான் பெரும்பாலோர் அனுபவம். ஆலை ஸ்பிரிங்கோடு இருக்கும் பிஸ்டலுக்கு எதுவானாலும் சுடும். ஹேமர் ஸ்பிரிங்கைக் குறைத்திருந்தால் கடினமான பிரைமரில் மிச்சம் பிடிக்கும் இரண்டு சென்ட் போட்டியில் ஒரு சுற்றையே காவு வாங்கும்.

சுடாத பிரைமரையெல்லாம் ‘மோசமான லாட்’ என்று விற்றவர் தலையில் போடுவதும் நியாயமில்லை. முதல் அடியில் நின்று இரண்டாம் அடியில் வெடித்தால் பெரும்பாலும் பிரைமர் குழியின் அடிவரை உட்காரவில்லை என்று பொருள். முதல் அடியின் வேகம் அதை உள்ளே தள்ளுவதிலேயே போய்விடுகிறது. பிரைமர் கேஸின் அடிப்பரப்பிலிருந்து 0.003 முதல் 0.005 அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டும். கேஸைத் தட்டையான இடத்தில் நிறுத்துங்கள், ஆடினால் பிரைமர் துருத்துகிறது. விரல் நுனியைத் தடவினாலும் தெரியும். ராணுவ 9 மிமீ கேஸ்களில் பிரைமர் கழலாதபடி அதைச் சுற்றி விளிம்பை அழுத்தியிருப்பார்கள் (கிரிம்ப்). அதை அகற்றாமல் புதிய பிரைமரைத் திணித்தால் விளிம்பு நசுங்கும், சாய்ந்து நிற்கும். .45 ஏசிபி என்ற பிஸ்டல் தோட்டாவின் கேஸ்களைத் தரையிலிருந்து பொறுக்குகிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள்: அதில் லார்ஜ் குழி, ஸ்மால் குழி இரண்டும் வருகிறது, பிரித்துவிட்டுத்தான் ரீலோட் செய்யும் பிரஸ்ஸில் ஏற்ற வேண்டும்.

இரண்டு முறை அடித்தும் வெடிக்காவிட்டால் அப்போது லாட்டைச் சந்தேகியுங்கள். சோதிக்க மருந்தும் குண்டும் இல்லாத காலிக் கேஸில் பிரைமர் மட்டும் வைத்து, ரேஞ்சில், கண்ணாடி அணிந்து சுடுங்கள். அதே லாட்டில் இருபது போதும். நிற்கிறது என்றால் லாட் எண்ணோடு படம் எடுத்து ஆலைக்கே எழுதுங்கள். ஒரு எச்சரிக்கை: ‘டப்’ என்று சத்தம் வந்து உதை வராவிட்டால் அடுத்ததைச் சுடாதீர்கள். பிரைமரின் விசை மட்டுமே குண்டைக் குழலுக்குள் பாதி வழி தள்ளி நிறுத்தக்கூடும். பின்னால் அடுத்த குண்டு போனால் குழல் வெடிக்கும். கழற்றி, வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்த பிறகே தொடருங்கள்.

நம்மவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. அமெரிக்கக் கூட்டரசுச் சட்டத்தில் ‘அம்யூனிஷன்’ என்ற சொல்லுக்குள் முழுத் தோட்டா மட்டுமல்ல, கேஸ், பிரைமர், குண்டு, மருந்து எல்லாமே அடங்கும். எச்-1பி போன்ற குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர் அதை வைத்திருப்பதே குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. நண்பர் வீட்டில் ரீலோட் செய்கிறார், நானும் ஒரு பெட்டி ஆர்டர் போடுகிறேன் என்று கிளம்புமுன் வழக்கறிஞரிடம் கேளுங்கள். ஊருக்கு வரும்போது பெட்டியில் ஒன்றிரண்டு தவறிக்கூட இருக்கக் கூடாது. இந்திய ஆயுதச் சட்டமும் தோட்டாவின் பாகங்களைத் தோட்டாவாகவே பார்க்கிறது, விமான நிலைய ஸ்கேனர் வேறு இருக்கிறது.

கைக்கு வந்த சரக்கை ஆலைத் தட்டிலிருந்து மாற்றாமல், வறண்ட அலமாரியில், மருந்திலிருந்து தள்ளி வையுங்கள். தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் விதியில் வீட்டுக்கு உச்சம் 10,000. மலிவாகக் கிடைத்ததே என்று இரண்டு பெரிய பெட்டிக்கு மேல் வாங்குமுன் உங்கள் ஊர் விதியையும் வீட்டுக் காப்பீட்டுப் பத்திரத்தையும் ஒரு முறை பாருங்கள்.