காரக் கிண்ணமா, அகச்சிவப்புக் கருவியா? மண் சுவாசத்தை அளக்க எது தோது

மண்ணிலுள்ள நுண்ணுயிர்களும் வேர்களும் கார்பன் டை ஆக்சைடு விடுவதே மண் சுவாசம். காய்ந்து கிடந்த மானாவாரி நிலத்தில் முதல் மழை விழுந்ததும் மண்ணிலிருந்து கார்பன் டை ஆக்சைடு குப்பென்று கிளம்பும். 1950களில் கென்ய மண்களில் இதை ஆராய்ந்த அறிவியலாளர் பிர்ச்சின் பெயரே இந்த விளைவுக்கு நிலைத்துவிட்டது. அளக்கும் முறையின் பலமும் பலவீனமும் தெரிவது இந்த நேரத்தில்தான்.

மண் விடும் வாயுவைக் காரத்தில் உறிஞ்சவைத்து அளக்கும் காரக் கிண்ண முறைக்குச் செலவு குறைவு. 20 செ.மீ. விட்டமுள்ள டப்பாவை மண்மேல் கவிழ்த்து, உள்ளே ஒரு கிண்ணத்தில் 20 மி.லி. 1 N (நார்மல்) செறிவுள்ள சோடியம் ஹைட்ராக்சைடு காரத்தை 24 மணி நேரம் வைக்க வேண்டும். பிறகு பேரியம் குளோரைடு சேர்த்து, பினாப்தலின் என்ற நிறங்காட்டியின் இளஞ்சிவப்பு மறையும்வரை ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு, மீந்த காரத்தை அளக்க வேண்டும். பேரியம் குளோரைடை மறந்தால் விடை பாதியாகிவிடும். வாயுவும் காரமும் சேர்ந்து உண்டான கார்பனேட்டும் அமிலத்தைக் குடிப்பதே காரணம். அடி மூடிய டப்பா ஒன்றிலும் அதே காரத்தைக் கூடவே வைத்து, காற்றிலிருந்து சேர்ந்த வாயுவைக் கழிக்காவிட்டால் கணக்கே கிடையாது.

இதன் பெரிய குறை கொள்ளளவு. அந்த 20 மி.லி. காரம் அதிகபட்சம் 440 மி.கி. வாயுவைத்தான் பிடிக்கும். மண் விடும் வாயு சதுர மீட்டருக்கு நொடிக்கு 1 மைக்ரோமோல் (மோல் என்ற வேதியியல் அளவில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) என்றால் அந்த டப்பாவுக்குள் ஒரு நாளில் சுமார் 120 மி.கி.தான் சேரும், கவலையில்லை. மழைக்குப் பின் அது 5 ஆனால் 600 மி.கி.! காலையில் வைத்த காரம் விடிவதற்குள் தீர்ந்துவிடும். உச்சத்தைப் பிடிக்க வைத்த கிண்ணமே உச்சத்தை மழுக்கிவிடுகிறது. கிண்ணத்தைப் பெரிதாக்கி 12 மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றினால் ஓரளவு சமாளிக்கலாம்.

கார்பன் டை ஆக்சைடு அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சுவதை வைத்து அளக்கும் அகச்சிவப்புக் கருவி பல லட்சம் ரூபாய். ஆனால் இரண்டே நிமிடத்தில் வாயு ஏறும் வேகத்தைச் சொல்லிவிடும். கருவியின் மூடியை உட்காரவைக்கும் வளையத்தை முதல் நாளே 2–3 செ.மீ. ஆழம் பதித்துவிட வேண்டும். அப்போதே பதித்து அளந்தால் கிளறிய மண்ணின் வாயுவும் சேர்ந்துகொள்ளும். ஆழமாக அடித்தால் வேர் அறுபடும். கரிசலில் வளையம் வெடிப்பின் மேல் உட்கார்ந்தால் வாயு பக்கவாட்டில் கசியும், அளவு குறையும்.

உரம், மூடாக்கு போன்றவற்றை ஒரே வயலில் ஒப்பிட மட்டும் என்றால் காரமே போதும். வெப்பம், ஈரத்தோடு சுவாசத்தைப் பொருத்திப் பார்க்கக் கருவிதான் வேண்டும். 24 மணி நேரக் கிண்ணத்தில் பகல் சூடும் இரவுக் குளிரும் ஒன்றாகக் கலந்துவிடும். கருவி இருந்தாலும் 5 செ.மீ. ஆழ வெப்பத்தையும் ஈரத்தையும் அதே நேரத்தில் குறித்தாக வேண்டும். சித்திரை வெயிலில் மண் கொதித்தாலும் ஈரமில்லாததால் சுவாசம் படுத்துவிடும்; வெப்பத்தை மட்டும் வைத்து வரைபடம் போட்டால், சூடு ஏறினால் சுவாசம் குறையும் என்று தலைகீழாகக் காட்டும்.