மீட்சியில் முந்தியது நிலக்கரி, பணம் பார்த்தது எண்ணெய்

கொரோனா முடக்கத்திலிருந்து உலகப் பொருளாதாரம் எழுந்த 2021-ல் நிலக்கரி, எரிவாயு, கச்சா எண்ணெய் மூன்றும் விலை ஏறின. லாபம் மட்டும் அதே வரிசையில் வரவில்லை.

ஆலைகள் முதலில் திறந்ததால் நிலக்கரி முந்திக்கொண்டது. 2020 ஆகஸ்டில் டன் 50 டாலர் அளவில் கிடந்த ஆஸ்திரேலிய நியூகாசில் நிலக்கரி, 2021 அக்டோபரில் 200 டாலரைத் தாண்டியது. இந்தியாவில் அடி வேறு விதமாக விழுந்தது. குஜராத்தின் முந்த்ரா போன்ற இடங்களில் இறக்குமதி நிலக்கரியை நம்பிய அனல் நிலையங்கள் மின்சாரத்தைப் பழைய ஒப்பந்த விலைக்கே விற்க வேண்டியிருந்ததால் உற்பத்தியைக் குறைத்தன, சில நிறுத்தியே விட்டன. சுமை உள்நாட்டு நிலக்கரியில் ஓடும் நிலையங்கள் மேல் ஏறியது. மழையில் சுரங்கப் பணி தடைபட்ட நேரம் வேறு. அக்டோபர் தொடக்கத்தில் நாட்டின் அனல் நிலையங்களில் சராசரி நிலக்கரிக் கையிருப்பு 4 நாளுக்குத்தான் இருந்தது.

விலை ஏறினால் சுரங்கக்காரருக்குக் கொண்டாட்டம் என்று நினைத்தால் அமெரிக்க நிலக்கரி நிறுவனமான பீபாடியைப் பாருங்கள். ஆஸ்திரேலியச் சுரங்கம் ஒன்றின் உற்பத்தியில் ஒரு பகுதிக்கு டன் சுமார் 84 டாலர் என்று ஹெட்ஜிங் செய்திருந்தது, அதாவது விலை விழுந்தாலும் பாதிக்காதபடி ஒப்பந்தம் போட்டு விலையை முன்கூட்டியே பூட்டியிருந்தது. சந்தை விலை ஏற ஏற, அந்த ஒப்பந்தங்களுக்கான மார்ஜினை (பிணைத்தொகையை) உடனுக்குடன் ரொக்கமாகக் கட்ட வேண்டும். நிலக்கரி விற்ற காசோ கப்பல் போன பிறகுதான் வரும். 2022 மார்ச்சில் கோல்ட்மேன் சாக்ஸ் வங்கியிடம் 10 சதவீத வட்டிக்கு 15 கோடி டாலர் கடன் வசதி வாங்கியது, நிலக்கரி வரலாறு காணாத விலைக்குப் போன நேரத்தில்!

எரிவாயுவிலும் இதே பொறிதான். அமெரிக்க எரிவாயுவின் அடையாள விலையான ஹென்றி ஹப், 2020-ல் பத்து லட்சம் பி.டி.யு (வெப்ப அளவு) ஒன்றுக்குச் சராசரி 2 டாலர். 2021-ல் ஏறத்தாழ இருமடங்கு. ஆனாலும் அப்போது அந்நாட்டின் மிகப்பெரிய எரிவாயு உற்பத்தி நிறுவனமாக இருந்த இ.க்யூ.டி 2021-ல் 110 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் காட்டியது. காரணம் ஹெட்ஜிங் ஒப்பந்தங்கள். இதில் ஒரு பகுதி கணக்கேட்டு நஷ்டம் என்பது உண்மை, ஆனால் கைநழுவிய விலை உண்மையிலேயே கைநழுவியதுதான். மந்தத்தில் கடன் கொடுத்தவர்கள் விலையைப் பூட்டச் சொல்வார்கள். மீட்சி வரும்போது அந்தப் பூட்டு திறக்காது. இத்தகைய நிறுவனத்தின் ஆண்டறிக்கையில், அடுத்த 12 மாத உற்பத்தியில் எத்தனை சதவீதம், என்ன விலைக்குப் பூட்டப்பட்டிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். 70 சதவீதம் பூட்டியிருந்தால் விலையேற்றத்தின் பலன் மீதி 30-க்குத்தான்.

எண்ணெய் தாமதமாகத்தான் எழுந்தது. விமான எரிபொருள் விற்பனை 2021 முழுக்கப் படுத்தே கிடந்தது. 2020 ஏப்ரல் 20-ல் அமெரிக்கக் கச்சா எண்ணெயான டபிள்யூ.டி.ஐ பேரல் மைனஸ் 37.63 டாலருக்கு முடிந்ததை யார் மறப்பார்? காப்பாற்றியது தேவை மட்டுமல்ல, தட்டுப்பாடும்தான். எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டணியான ஒபெக் பிளஸ் அந்த மே மாதம் முதல் உற்பத்தியை நாளுக்கு 97 லட்சம் பேரல் குறைத்தது. 2021 ஆகஸ்டிலிருந்து மாதாமாதம் நாளுக்கு 4 லட்சம் பேரல் மட்டும் கூட்டித் திருப்பித் தந்தது. பாறையடுக்கிலிருந்து எண்ணெய் எடுக்கும் அமெரிக்க ஷேல் நிறுவனங்களும் பழையபடி கண்ணை மூடிக்கொண்டு துளையிடவில்லை. பங்குதாரர்கள் டிவிடெண்ட் கேட்டார்கள். பெரும்பாலும் ஹெட்ஜிங் பக்கமே போகாத அமெரிக்க எண்ணெய் நிறுவனமான எக்ஸான் மோபில், 2020-ன் 2,240 கோடி டாலர் நஷ்டத்திலிருந்து 2021-ல் 2,300 கோடி லாபத்துக்கு வந்தது. அதில் ரசாயனப் பிரிவின் பங்கும் பெரிது, எல்லாம் கிணற்றிலிருந்து வந்ததல்ல.