மசோஃப்ஷே: துணியின் கனம் ஆடுகிறது

முப்பது ஆண்டுகளாகத் தைத்துப் பிழைப்பவள் நான். எந்த மேடையைப் பார்த்தாலும் என் கண் முதலில் துணிக்குத்தான் போகும். போலந்தின் நாட்டுப்புற ஆடல்பாடல் குழுவான மசோஃப்ஷேயை அதன் சொந்த அரங்கிலேயே பார்த்தபோதும் அப்படித்தான். வார்சாவிலிருந்து புறநகர் ரயிலில் ஒட்ரெம்பூசிக்குப் போனால் அரங்கு இருக்கும் கரோலினை அடையலாம்.

இசையமைப்பாளர் ததேயுஷ் சிகியெத்தின்ஸ்கியும், போருக்கு முன்பே மேடையில் புகழ்பெற்றிருந்த நடிகை மீரா ஜிமின்ஸ்காவும் 1948இல் தொடங்கிய குழு இது. கிராமத்து ஆட்டத்தை மேடைக்காக மெருகேற்றியிருக்கிறார்கள். அது எனக்குக் குறையாகத் தெரியவில்லை. உடையில் அவர்கள் காட்டும் சிரத்தை அப்படிப்பட்டது.

வோவிச் வட்டாரப் பெண்களின் பாவாடையைச் சொல்ல வேண்டும். கெட்டிக் கம்பளி, மேலிருந்து கீழாக ஆரஞ்சு, பச்சை, ஊதாப் பட்டைகள், இடுப்பில் நெருக்கமான கொசுவம், அதோடு சேர்த்தே தைத்த பூவேலை செய்த வெல்வெட் ரவிக்கை. நிற்கும்போது மணியைப் போல விறைப்பாகத் தொங்குகிறது. ஓபெரெக் ஆட்டத்தின் வேகச் சுழற்சியில் அதே பாவாடை குடையாக விரிகிறது. பட்டைகள் ஒன்றோடொன்று கலந்து நிறச் சக்கரமாகிவிடுகின்றன. ஆடுபவள் நின்ற பிறகும் துணி இன்னும் அரைச் சுற்றுப் போய்த்தான் அடங்குகிறது. அந்த அரைச் சுற்றுக்காகவே நான் மறுபடியும் டிக்கெட் எடுப்பேன். மெல்லிய துணியில் அது வராது.

கிராக்கோவியாக் ஆடும் ஆண்களுக்கு மயிலிறகு செருகிய நான்கு மூலைச் சிவப்புத் தொப்பி. தோல் கச்சையில் பித்தளை வளையங்கள் கோத்திருக்கிறார்கள். குதிரைப் பாய்ச்சல் போன்ற அந்த அடிக்கு வளையங்களும் சேர்ந்து தாளம் போடுகின்றன. மலைவாசிகளின் வெள்ளைக் கம்பளிக் கால்சட்டையில் தொடைப் பக்கம் இதய வடிவப் பூவேலை. மிருதுவான தோல் செருப்பில்தான் அவர்களால் அப்படிக் குந்தி எழும்ப முடிகிறது.

மறுநாள் வார்சாவின் பழைய நகரத்தில் ஒரு கடையில் "வோவிச் பாவாடை" என்று விற்றார்கள். ஆசைப்பட்டு வாங்கினேன். அறைக்கு வந்து உள்பக்கம் திருப்பினால் பாலியெஸ்டர், பட்டைகள் அச்சடித்தவை. சுற்றிப் பார்த்தேன்; காலோடு ஒட்டிக்கொண்டது. வாங்குகிறவர்கள் கடையிலேயே உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்: நெய்த பட்டை இரு பக்கமும் தெரியும்.

அரங்கில் முதல் வரிசை வேண்டாம். ஏழெட்டு வரிசை தள்ளி உட்கார்ந்தால் பாவாடைகளின் வட்டம் முழுதாகத் தெரியும், வளையச் சத்தமும் காதுக்கு எட்டும்.